என் தங்கையின் உடல்வாகு

1

அடிலெய்டில் நான் வேலை பார்க்கிற முதியோர் இல்லத்திலிருந்து போன செவ்வாய்க்கிழமை ஜீன் அம்மா வெளியே நடந்து போய்விட்டார். வயது எண்பத்தைந்து. இருபது நிமிஷத்தில் கிடைத்தும் விட்டார். அடுத்த தெரு பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து, யாரிடமோ சிப்ஸ் வாங்கித் தின்றுகொண்டிருந்தாராம். ஆள் கிடைத்தாலும் படிவம் எழுதியாக வேண்டும். இந்த நாட்டில் ஒருவர் காணாமல் போவது ஒரு வேலை, காணாமல் போனதை எழுதி வைப்பது மூன்று வேலை.

பெயர், வயது, முடியின் நிறம், கண்ணின் நிறம் எல்லாம் எழுதிவிட்டேன். அதற்குக் கீழே 'பில்டு' என்று ஒரு கட்டம். உடம்பின் கட்டமைப்பு என்ன என்று கேட்கிறார்கள். ஒல்லி, நடுத்தரம், பருமன் என்று மூன்றில் ஒன்றை எழுதினால் போதும்.

நம் ஊர் சர்க்காருக்கு இந்தக் கவலையே கிடையாது. என் பள்ளிக்கூடச் சான்றிதழில் அங்க அடையாளம் என்று இரண்டு வரி இருக்கும். வலது முழங்கைக்குக் கீழே ஒரு மச்சம், இடது புருவத்தில் ஒரு தழும்பு. ஆளைக் கண்டுபிடிக்க மச்சத்தைத் தேடினால் போதும் என்பது நம் நம்பிக்கை. இவர்கள் தூரத்திலிருந்து ஆளின் உருவத்தைப் பார்க்கிறார்கள். அவரவர் வழக்கம் அவரவருக்கு.

ஆனால் மூன்றே மூன்று சொல்லில் ஒரு உடம்பைச் சொல்லிவிட முடியுமா? ஜீன் அம்மா ஒல்லி கிடையாது, ஒடிசல். ஒல்லி வேறு, ஒடிசல் வேறு, நோஞ்சான் வேறு, எலும்பும் தோலும் என்பது வேறு. அந்தப் பக்கம் போனால் பூசினாற்போல, சதைப்பிடிப்பு, தாட்டியம், வாட்டசாட்டம் என்று எத்தனை படி இருக்கிறது! திருச்சியில் எந்தப் பெட்டிக்கடைக்காரரும் இந்தப் படிகளில் ஏறி இறங்குவார். 'வாகு' என்று ஒரு சொல் வைத்திருக்கிறோம் பாருங்கள், அது இங்கிலீஷில் இல்லை. பிடிக்க வாகா இருக்கு, உட்கார வாகா இருக்கு என்கிறோம், உடல்வாகு என்கிறோம். உடம்பு ஒருத்தருக்கு எப்படி வாய்த்திருக்கிறது என்பது அதில் வந்துவிடுகிறது. பில்டு என்றால் கொத்தனார் கட்டின மாதிரி இருக்கிறது.

நான் ப்ளஸ் டூவோடு நின்றவள். இங்கிலீஷ் படித்தது இங்கே பஸ்ஸிலும் சமையலறையிலும்தான். அதனால் நம் ஊர் இங்கிலீஷையே இங்கேயும் செலவழித்து மாட்டிக்கொள்வேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஜீன் அம்மாவின் மகன் வந்தார். ஆறடிக்கு மேல், கதவை மறைக்கிற தோள். "உங்கள் மகன் நல்ல பெர்சனாலிட்டி" என்றேன். நம் ஊரில் அதற்கு ஆள் வாட்டசாட்டமாக இருக்கிறான் என்றுதானே பொருள்? ஜீன் அம்மா என்னை உற்றுப் பார்த்து, "எங்கள் குடும்பத்திலேயே சிடுமூஞ்சி இவன்தான். உனக்கு யார் அப்படிச் சொன்னது?" என்று கேட்டார். எங்கள் மேற்பார்வையாளர் டோனா லீவு முடிந்து நாலு கிலோ ஏறி வந்தபோது, "நல்லா ஹெல்த்தியா ஆயிட்டீங்க" என்றேன். அவள் மகிழ்ந்துபோய் நன்றி சொன்னாள். அதைத் திருத்துவானேன் என்று விட்டுவிட்டேன்.

இந்தக் கட்டத்தின் முன்னால் அன்றைக்குப் பேனாவோடு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஜீன் அம்மாவை நினைத்து அல்ல. வருகிற ஞாயிறு என் மகள் தாரிணியின் முதல் கல்யாண நாள். அந்தக் கல்யாணத்தில் நான் செய்த ஒரு காரியம் இந்தக் கட்டத்துக்குள்தான் அடங்கும். இதுவரை யாருக்கும் எழுதவில்லை. எழுதிவிடுகிறேன்.

2

எனக்கு ஒரு தங்கை. பெயர் ரேணு. என்னைவிட இரண்டு வயது சிறியவள், என்னைவிட ஒரு சாண் உயரம். அப்பாவுக்கு ரயில்வே ஒர்க் ஷாப்பில் வேலை, பொன்மலையில் குவார்ட்டர்ஸ். யார் வீட்டுக்கு வந்தாலும் முதலில் கேட்பது, "இதுல யாரு பெரியவ?" என்பதுதான். நான் கையைத் தூக்குவேன். "அப்படியா!" என்பார்கள். அந்த 'அப்படியா' என் காதில் இன்னும் இருக்கிறது.

பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்கா பேசினால் கூட்டம் சேரும். அவர் ஒரு நாள் குழாயடியில் வைத்துச் சொன்னார்: "சின்னவ நடந்து வந்தா காத்து ஒதுங்கி வழி விடுது. பெரியவள காத்து தூக்கிட்டு வந்து இறக்கி விடுது." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து ரேணுவின் ரிப்பனை எடுத்து அடுப்பில் போட்டேன்.

ரேணு ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது பி.டி. மிஸ் எங்கள் அம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினார். ஏதோ தப்பு செய்துவிட்டாள் என்று நான் ஆசையோடு கூடப் போனேன். மிஸ் சொன்னது: "இவளுக்கு நல்ல பிசிக்கு. குண்டு எறியறதுக்கு அனுப்புங்க." அப்போதுதான் அந்தச் சொல்லை முதன்முதலில் கேட்டேன். லைப்ரரியில் அகராதியைப் புரட்டினேன். உடற்கட்டு என்று போட்டிருந்தது. எனக்கும் ஒரு உடற்கட்டு இருக்கத்தானே செய்யும், அதை ஏன் யாரும் சொல்வதில்லை என்று நினைத்தேன். நல்லது இருந்தால்தான் அந்தச் சொல்லே வெளியே வரும் என்பது பிறகுதான் புரிந்தது. இல்லாதவர்களுக்கு 'உடம்பு சரியில்லையா?' என்ற கேள்விதான்.

எனக்கு இருபத்து மூன்று வயதில் முதல் வரன் வந்தது. பஜ்ஜி, சொஜ்ஜி எல்லாம் முடிந்து மாப்பிள்ளையின் அம்மா கை கழுவப் போனவர், எங்கள் அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார்: "சின்னவளக் குடுக்கறதுன்னா நாங்க ஜாதகம் கேக்க மாட்டோம்." நான் கதவுக்குப் பின்னால் காபி டம்ளரோடு நின்றுகொண்டிருந்தேன்.

அடுத்த வரன் வந்த அன்று காலையிலேயே ரேணுவை லால்குடிக்கு ரயிலேற்றிவிட்டார்கள். அங்கே பெரியம்மா வீடு. எத்தனையோ வீட்டில் நடக்கிற காரியம்தான்; அக்காவைப் பெண் பார்க்க வந்தால் தங்கையைக் கண்ணில் படாமல் வைப்பார்கள். அவள் சிரித்துக்கொண்டே போனாள். "நல்லா முடிச்சிட்டு சொல்லி அனுப்புங்க, திரும்பி வரேன்" என்றாள். முடிந்தது. ஆஸ்திரேலியாவில் வேலை பார்க்கிற மாப்பிள்ளை. பொன்மலையைத் தாண்டாத நான் அடிலெய்டுக்கு வந்து சேர்ந்தது ஒரு லால்குடி டிக்கெட்டின் புண்ணியத்தில்.

என் வீட்டுக்காரர் ரேணுவை முதலில் பார்த்தது கல்யாண மேடையில். மறுநாள் மறுவீட்டில் வெள்ளை மனசோடு சொன்னார்: "உன் தங்கச்சி நல்ல பெர்சனாலிட்டியா இருக்காங்களே!" அந்த ஒரு வார்த்தைக்கு இன்றைக்கும் எங்கள் வீட்டு ரசத்தில் சில நாள் உப்பு குறையும். அவருக்குக் காரணம் தெரியாது.

3

அடிலெய்டில் ஒரு நிம்மதி இருந்தது. இங்கே ரேணு இல்லை. கடைக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும் நான் நான்தான். யார் பக்கத்திலும் நிற்க வைத்து என்னை அளக்க மாட்டார்கள். அவள் ஸ்ரீரங்கத்தில் கல்யாணமாகி, இரண்டு பையன்களைப் பெற்று, சித்திரை வீதிப் பக்கம் ஒரு பிளாட்டில் இருந்தாள். மாதம் ஒரு போன். அவ்வளவுதான்.

தாரிணிக்குப் பதிமூன்று வயது ஆகும்வரை அந்த நிம்மதி நீடித்தது. பிறகு அவள் வளர ஆரம்பித்தாள். கதவு நிலையில் பென்சிலால் கோடு போடுவோம். அந்தக் கோடுகள் என் தோளைத் தாண்டி, காதைத் தாண்டி, உச்சியைத் தாண்டிப் போயின. பள்ளிக்கூடத்தில் துடுப்புப் படகு விடும் குழுவில் சேர்ந்தாள். தோள் விரிந்தது. ஒரு நாள் காலை, துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அறையிலிருந்து வெளியே வந்து நின்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கடல் கடந்து வந்தும் ரேணு என் சமையலறை வாசலில் நிற்கிறாள்.

பார்க்கிற சொந்தக்காரர்கள் எல்லாம் போனில் ஒரே வார்த்தை: "சித்திய உரிச்சு வச்சிருக்கு!" பத்து மாதம் சுமந்தது நான். வாந்தியெடுத்தது நான். உரித்து வைத்தது மட்டும் அவளை.

பிள்ளைகள் இங்கே எப்படி விலகிப் போகிறார்கள் என்று நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். சாப்பாடு மாறும், சாமி மாறும், பேச்சு மாறும். தாரிணியும் என்னோடு இங்கிலீஷில்தான் பேசுவாள். நான் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் வரும். இது இந்த நாட்டின் குற்றம் என்று மனசைத் தேற்றிக்கொண்டிருந்தேன். கல்லூரிக்குப் போகிற வயதில் ஒரு நாள் அவள் அறை வாசலில் துணிக்கூடையோடு நிற்கிறேன். உள்ளே போனை ஸ்பீக்கரில் போட்டு யாரோடோ தமிழ் பேசிக்கொண்டிருக்கிறாள். கொச்சையாக, தப்பும் தவறுமாக, ஆனால் வாய் நிறைய.

"இல்ல சித்தி, எனக்கு எந்த டிரெஸ்ஸும் தோள்ல நிக்காது."

"எனக்கு மட்டும் நிக்குமாடி? கடைக்காரன் கிட்ட, 'இது என்ன உங்க பேத்தி சைஸா'ன்னு கேளு."

இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் துணிகளை மடிக்காமல் அப்படியே கட்டிலில் கொட்டிவிட்டு வந்தேன். என்னிடம் இங்கிலீஷ், அவளிடம் தமிழ். அப்படியானால் விலகியது இந்த நாட்டை நோக்கி இல்லை. ஸ்ரீரங்கத்தை நோக்கி.

இரவு சாப்பிடும்போது தாரிணி சொன்னாள்: "எனக்கும் சித்திக்கும் ஒரே பிரேம், அம்மா." பிரேம் என்றால் சட்டம். உடம்புக்கும் அந்தச் சொல் உண்டாம், எலும்புக்கூட்டின் அமைப்பு. "சட்டம் அவளோடதா இருக்கலாம், உள்ள இருக்கற படம் என்னோடது" என்றேன். பெரிதாகச் சிரிப்பாள் என்று பார்த்தேன். தயிரை நகர்த்தச் சொன்னாள்.

4

இருபத்தாறு வயதில் அவளுக்குக் கல்யாணம் கூடியது. மாப்பிள்ளை மெல்போர்ன் பையன், குடும்பம் தஞ்சாவூர்ப் பக்கம். மன்னார்புரத்தில் மண்டபம் பிடித்தோம். இங்கே பதிவுத் திருமணத்துக்கு ஒரு கட்டுப் படிவம், அங்கே போக விசாவுக்கு ஒரு கட்டு, மாப்பிள்ளையின் நண்பர்களுக்கு வேறு. எல்லாவற்றையும் நான் நிரப்பினேன். பட்டு எடுக்கிற வேலை, பூ, சமையல்காரர் எல்லாம் ரேணு தலையில் விழுந்தது. ஊரில் இருக்கிறவள் அவள்தானே.

ரவிக்கைகள் மலைக்கோட்டைக்குக் கீழே கமால் பாய் கடையில். நான் கல்யாணமாகிப் போகும்போதே அவரிடம்தான் தைத்தேன். வெளிநாட்டில் இருக்கிற எங்களைப் போன்ற பெண்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. டேப் வைத்து அளந்து அனுப்ப மாட்டோம். நன்றாகப் பொருந்துகிற பழைய ரவிக்கை ஒன்றை, ஊருக்குப் போகிற யார் பெட்டியிலாவது போட்டு அனுப்புவோம். அதுதான் அளவு ப்ளவுஸ். உடம்பை ஊருக்கு அனுப்ப முடியாது, உடம்பின் கணக்கை அனுப்புவோம்.

தாரிணிக்குப் பத்தொன்பது வயதில் ஒரு கல்யாணத்துக்காக நானே கையால் ஒரு ரவிக்கை தைத்துக் கொடுத்திருந்தேன். ஒரே தடவை போட்டாள். அதை அளவு ப்ளவுஸாக ஒரு சிநேகிதியிடம் கொடுத்து அனுப்பினேன். தாரிணியிடம் சொன்னபோது, "வேண்டாம், சித்தியோடது எனக்கு அப்படியே பொருந்தும். போன தடவை போட்டுப் பார்த்தேன். அதையே குடுக்கச் சொல்லிட்டேன்" என்றாள். சரி என்றேன்.

சரி என்று சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கமால் பாய்க்கு போன் செய்தேன். வீட்டில் மூத்தவள் என்பதால் அவருக்கு நான் பெரியம்மா.

"அஸ்ஸலாமு... யாரு, பெரியம்மாவா? நல்லா இருக்கீங்களா? கங்காரு எல்லாம் சவுக்கியமா?"

"நல்லா இருக்கு பாய். எம் பொண்ணு ப்ளவுஸுக்கு எந்த அளவு வச்சிருக்கீங்க?"

"ரெண்டு வந்திருக்கும்மா. ஒண்ணு நீங்க அனுப்பினது, ஒண்ணு ரேணும்மா குடுத்தது. அவங்க குடுத்ததுலதான் வெட்டப் போறேன்."

"வேணாம். நான் அனுப்பின அளவுல வெட்டுங்க."

அந்தப் பக்கம் தையல் மிஷின் நின்றது. பிறகு அவர் சொன்னார்: "அம்மா, தப்பா நினைக்காதீங்க. போன வருஷம் உங்க பொண்ணு கடைக்கு வந்துச்சு. நான் பார்த்திருக்கேன். அது தோள் வேற. இதுல ஆரி எம்பிராய்டரி வேலை இருக்கு, வெட்டிட்டா கழுத்தையும் தோளையும் தொட முடியாது."

"பாய், பொண்ணுக்கு அம்மா நானா, அவளா?"

"நீங்கதாம்மா. அதுல என்ன சந்தேகம்." ஒரு பெருமூச்சு. "இருந்தாலும் பக்கத்துல ரெண்டு விரல் துணி உள்ள விட்டே தைக்கிறேன். அல்லாஹ் பெரியவன்."

தெரியாமல் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். ஏழு வருஷத்தில் அந்தத் தோள் எவ்வளவு விரிந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதைத்தானே தினமும் பார்த்து வயிறு எரிந்தேன். கொஞ்சம் பிடிக்கும், அப்போது நானே கூட உட்கார்ந்து பிரித்துச் சரி செய்வேன், 'அம்மாதான் சரி பண்ணினா' என்று அவள் சொல்வாள். அப்படி ஒரு கணக்கு போட்டேன். மேடையேறும்போது அவள் உடம்பில் ரேணுவின் அளவு இருக்கக் கூடாது. அது மட்டும்தான் எனக்கு வேண்டியிருந்தது.

5

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு, ரேணுவின் பிளாட்டில் மத்தியானச் சாப்பாடு முடிந்து ரவிக்கைகளை விரித்தோம். முகூர்த்த ரவிக்கை பார்க்கக் கண் கொள்ளவில்லை. அரக்குப் பட்டு, கையிலும் கழுத்திலும் பொன்னிறத்தில் மயில்.

தாரிணி வலது கையை நுழைத்தாள். முழங்கைக்கு மேலே ஏறி, அப்படியே நின்றது.

"அம்மா, கை போக மாட்டேங்குது" என்று சிரித்தாள். மூச்சைப் பிடித்து இழுத்தாள். இடது கையையும் எப்படியோ நுழைத்துத் தோளைக் குலுக்கினாள். முதுகில் எங்கோ நூல் பட்டென்று விட்டது. முன்பக்கம் கொக்கிகள் ஒன்றுக்கொன்று நாலு விரல் தள்ளி நின்றன.

சிரிப்பு நின்றுவிட்டது. மெதுவாகக் கழற்றினாள். கட்டிலில் உட்கார்ந்து, துண்டை எடுத்துத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டாள். "ஸ்கூல்ல என்னை டேங்க்னு கூப்பிடுவாங்க, சித்தி" என்றாள். "அப்பவே படகை விட்டிருக்கணும். கல்யாணத்துலயும் இப்படியா?"

டேங்க் என்று கூப்பிட்டார்கள் என்பதை அன்றைக்குத்தான் கேட்கிறேன். அத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தவள் நான். அதைக்கூட அவள் சொன்னது ரேணுவைப் பார்த்து. நான் செய்த காரியத்தால் அவள் அழுதுகொண்டிருக்கிறாள், அந்த நேரத்திலும் எனக்கு உறைத்தது இதுதான்: அவளிடம் சொல்கிறாள், என்னிடம் இல்லை. பொறாமைக்கு வெட்கம் என்பதே கிடையாது.

ரேணு ரவிக்கையை எடுத்து உள்பக்கம் திருப்பினாள். தையலைப் பார்த்தாள். ஒரு தடவை என்னைப் பார்த்தாள். பிறகு பளிச்சென்று சொன்னாள்:

"அடிப் போடி, இதுக்குப் போய் அழறா! தப்பு எம்மேல. நான் எந்தக் காலத்து ப்ளவுஸையோ தூக்கிக் குடுத்துட்டேன். அப்ப நான் கொத்தவரங்கா கணக்கா இருந்தேன்."

"நீங்க எப்ப சித்தி கொத்தவரங்கா?"

"இருந்தேன்டி, ஒரு வாரம். டைபாய்டு."

தாரிணி மூக்கைத் துடைத்துக்கொண்டு லேசாகச் சிரித்தாள். ஆனால் துண்டை எடுக்கவில்லை.

நான் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

6

நானும் ரேணுவும் ஆட்டோ பிடித்தோம். காவிரிப் பாலம் தாண்டி வந்தோம். மலைக்கோட்டைச் சந்துக்குள் ஆட்டோ போகாது, இறங்கி நடந்தோம். கூட்டத்தில் அவள் முன்னால் போக, ஜனங்கள் விலகி வழி விட்டார்கள். நான் அந்த வழியில் பின்னால் போனேன்.

கமால் பாய் ரவிக்கையைப் பார்த்ததுமே கண்ணாடியைக் கழற்றினார். "நான் அன்னிக்கே சொன்னேன். பெரியம்மாதான் போன்ல, அவங்க அனுப்பின அளவுலதான் வெட்டணும்னு ஒத்தக் கால்ல நின்னாங்க."

ரேணு என் பக்கம் திரும்பவில்லை. "உள்ள எவ்வளவு விட்டிருக்கீங்க பாய்?" என்று கேட்டாள்.

"பக்கத்துக்கு ரெண்டு விரல். அது போதும். தோள்லதான் கஷ்டம். ஆரி வேலையப் பிரிச்சா மயில் செத்துப் போயிடும். புடவையோட வந்த துணியில மிச்சம் இருக்கு, அக்குள்ல ஒரு துண்டு வச்சு ஒட்டுப் போடறேன். கை தூக்கினாதான் தெரியும். ரெண்டு மணி நேரம் குடுங்க."

கடைக்கு எதிரே கரும்பு ஜூஸ் வண்டி ஓரம் நின்றோம். இரண்டு கிளாஸ் வாங்கினாள். என் கையில் ஒன்றைக் கொடுத்துவிட்டுத்தான் கேட்டாள்.

"ஏன்க்கா?"

"எம் பொண்ணு உன்ன மாதிரி இருக்கறது எனக்குப் பிடிக்கல."

எப்படி வந்தது என்று தெரியவில்லை, வந்துவிட்டது. ரேணு ஜூஸைக் குடித்து முடித்தாள். அவசரமே படாமல் வாயைத் துடைத்தாள்.

"அதுக்கு நான் என்ன பண்ணட்டும்? மறுபடியும் லால்குடிக்குப் போயிடட்டுமா?"

காலி கிளாஸை வண்டியில் வைத்தாள்.

"அன்னிக்கு சிரிச்சிட்டுதான் போனேன். ரயில்ல உக்காந்து அழுதேன், தெரியுமா உனக்கு? வீட்டுல ஒரு நல்ல காரியம், என்னை மட்டும் ஏதோ வியாதிக்காரிய ஒளிச்சு வைக்கிற மாதிரி அனுப்பறாங்க. நான் என்ன தப்பு பண்ணினேன்? வளர்ந்தேன்." குரலை உயர்த்தவே இல்லை. "சரி, அது போகட்டும், எனக்கு வயசாச்சு. அது சின்னப் பொண்ணு. தன் தோளைத் தப்புன்னு நினைச்சுக்கிட்டு மேடையேறப் போவுது. நான் அதுகிட்ட எதுவும் சொல்ல மாட்டேன். என்னை வச்சு உனக்கும் அதுக்கும் நடுவுல ஒண்ணும் வேணாம். நீ என்ன பண்ணப் போறேன்னு நீ பாத்துக்க."

ஜூஸ்காரர், "இன்னொண்ணு போடவாங்க?" என்று கேட்டார். ரேணு போடச் சொன்னாள். அந்த நிலைமையிலும் அவளுக்கு இரண்டாவது கிளாஸ் இறங்கியது.

7

ரவிக்கை பொருந்தியது. கமால் பாயின் ஒட்டு கண்ணுக்கே தெரியவில்லை. பிரச்சினை முடிந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைக்கப் பார்த்தேன்.

கல்யாணக் காலை ஆறு மணிக்கு மண்டபத்து மணமகள் அறையில் தாரிணிக்குப் புடவை கட்டிக்கொண்டிருந்தோம். ரேணு கீழே உட்கார்ந்து கொசுவம் பிடிக்கிறாள், நான் முந்தானையை மடிக்கிறேன். மடிப்பு மடிப்பாக அடுக்கித் தோளில் ஊக்கு குத்தப் போனபோது தாரிணி என் கையைப் பிடித்தாள்.

"மடிக்க வேண்டாம்மா. அப்படியே விரிச்சு ரெண்டு தோளையும் மூடிடலாமா?"

"மயில் தெரியாதேடி" என்றாள் ரேணு கீழே இருந்து.

"பரவாயில்ல, சித்தி. போட்டோ எல்லாம் வரும்."

கண்ணாடியில் அவளைப் பார்த்தேன். தலை நிறையப் பூ. தோளை முன்னால் குறுக்கி நின்றுகொண்டிருந்தாள். இருக்கிற அகலத்தில் பாதியை எங்கேயாவது ஒளித்து வைக்க முடியுமா என்று பார்க்கிற மாதிரி. குவார்ட்டர்ஸ் வாசலில் விருந்தாளிகளுக்கு முன்னால் நான் எப்படிக் கால் நுனியில் எம்பி நிற்பேன் என்று எனக்குத்தான் தெரியும். நான் கூட்டப் பார்த்தேன், இவள் குறைக்கப் பார்க்கிறாள்.

"தாரிணி, அந்த ப்ளவுஸ் பத்தலைன்னா அது உன் தோளோட தப்பு இல்ல. சித்தி தப்பும் இல்ல. நான்தான் பாய்க்கு போன் பண்ணி சித்தி அளவை வேணாம்னு சொன்னேன்."

அவள் திரும்பவில்லை, கண்ணாடி வழியாகவே பார்த்தாள்.

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சுதான்."

"ஏன்?"

"எல்லாரும் உன்ன அவ மாதிரின்னு சொல்றாங்க. எனக்குத் தாங்கல."

ரேணு கொசுவத்தை விடவில்லை, தலையையும் நிமிர்த்தவில்லை. தாரிணியின் முகம் சிவந்தது. ஏதாவது கத்துவாள், இங்கிலீஷில் நாலு வார்த்தை வரும், வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன். அவள் என் கையிலிருந்த முந்தானையை மெதுவாக எடுத்துக்கொண்டாள்.

"கொஞ்ச நேரம் வெளிய இருங்கம்மா" என்றாள்.

எப்போதாவது தமிழில் பேசினால் என்னை நீ, வா, போ என்றே கூப்பிட்டவள். சம்பந்தி வீட்டாரிடம் பேசுகிற மாதிரி அந்த மரியாதை.

வெளியே வந்து கதவோரம் நின்றேன். நாதஸ்வரம் ஆரம்பித்திருந்தது. பந்திக்குப் போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் என்னைத் தாண்டிப் போனார்கள். பெண்ணின் அம்மா அறைக்கு வெளியே என்ன செய்கிறாள் என்று யாரும் கேட்கவில்லை. காவல் நிற்கிறேன் என்று நினைத்திருப்பார்கள். மாப்பிள்ளை வீட்டு அத்தை ஒருவர் வந்து, "பொண்ணு நல்ல உயரம், நல்ல பெர்சனாலிட்டிங்க. உங்க வீட்டுல யாரு சாயல்?" என்று கேட்டார்.

"என் தங்கச்சி வாகு" என்றேன். சொல்லப் பிடிக்கவில்லைதான். ஆனாலும் சொன்னேன்.

கதவு திறந்தது. தாரிணி வெளியே வந்தாள். முந்தானை நாலு விரல் அகலத்துக்கு மடிப்பாக அடுக்கி இடது தோளில் குத்தியிருந்தது. இரண்டு தோளும் முழுசாகத் தெரிந்தன, அவற்றின் மேல் மயில்களும். நிமிர்ந்து நடந்தாள். என்னைத் தாண்டும்போது திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு பேசினாள், இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுகிறாள், அன்றைக்குப் பார்க்கவில்லை. கூட்டம் தானாக ஒதுங்கியது. அவ்வளவு அழகாக ஒருத்தி நடந்து போவதை நான் பார்த்ததில்லை. மன்னியுங்கள், பார்த்திருக்கிறேன். பார்த்ததற்காகத்தான் இத்தனையும்.

பின்னாலேயே ரேணு தேங்காய், பழம், மாலை அடுக்கின தாம்பாளத்தோடு வந்தாள். என் முன்னால் நின்றாள்.

"இதப் பிடி, அக்கா. எனக்குப் புடவை கால்ல தடுக்குது" என்று தாம்பாளத்தை என் கையில் வைத்தாள்.

புடவை ஒன்றும் தடுக்கவில்லை. பெண்ணுக்குப் பின்னால் தாம்பாளத்தோடு போகிறவள் அம்மா என்று சபைக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். இப்படி ஒரு பொய்யை இவ்வளவு லேசாகச் சொல்லவும் அவளுக்குத்தான் வாய்த்திருக்கிறது. அதற்கும் சேர்த்துப் பொறாமைப்பட்டேன்.

கனமான தாம்பாளம். இடுப்பில் அணைத்துக்கொண்டு, என் மகளின் முதுகைப் பார்த்தபடி பின்னால் நடந்தேன்.